துய்ப்பில் துலங்கும் அழகு: சார்லஸ் லாமின் பீங்கான் கட்டுரை, ஒரு திறனாய்வு

ஓவியமும் சிற்பமும் கலைப்பொருள்கள் என்பதை அனைவரும் ஒப்புவர். தேநீர்க் கோப்பையும் கலைப்பொருளே என்றால் சிலர் நகைப்பர். வேறு சிலர் ஒப்புக்கொண்டு, உடனே அதனைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவர். இரு சாராரும் கோப்பைக்கு இழைக்கும் தீங்கு ஒன்றே. முன்னவர் அதன் அழகை மறுக்கின்றனர். பின்னவர் அதன் பயனை மறுக்கின்றனர். அழகும் பயனும் ஒன்றாகும் இடத்திலேதான் கோப்பை முழுமை பெறுகின்றது என்பதை இருவருமே எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வுண்மையைத் தொட்டுச் சென்ற உரைநடை ஒன்று ஆங்கிலத்தில் உண்டு. சார்லஸ் லாம் (1775–1834) 'எலியா' என்னும் புனைபெயரில் எழுதிய 'பழைய சீனப் பீங்கான்' என்ற கட்டுரையே அது. 1823ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 'இலண்டன் மாகசின்' என்னும் இதழில் வெளிவந்து, 1833இல் 'எலியாவின் இறுதிக் கட்டுரைகள்' என்ற தொகுதியில் இடம்பெற்றது. போற்றி வாங்கிய பொருளை அன்றாட வாழ்வில் துய்க்கும் இன்பத்தைக் காட்டுவதில் அக்கட்டுரைக்கு இணை சிலவே. எனினும், அது காணத் தவறிய பக்கங்களும் உள. அவை இலண்டனில் இருந்து படிப்போருக்கு எளிதில் புலப்படா. பீங்கான் ஏற்றிய மரக்கலங்கள் நூற்றாண்டுக் கணக்கில் கடந்து சென்ற ஜொகூர்க் கரையில் இருந்து படிப்போருக்கு நன்கு புலப்படும். அக்கட்டுரையின் நிறைகுறைகளை அந்நோக்கில் ஆராய்வது தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் பயனுடையதாகும்.

கட்டுரையின் போக்கு

பெருமனை ஒன்றைக் காணச் சென்றால் பீங்கான் வைத்திருக்கும் அறையையே முதலில் கேட்பதாகவும், ஓவியக் கூடம் அதற்கு அடுத்ததே என்றும் எலியா தொடங்குகின்றார். இப்பற்று எப்பொழுது தம் உள்ளத்தில் புகுந்தது என்பது அவருக்கே நினைவில்லை. அடுத்து, கோப்பைகளில் தீட்டப்பெற்ற நீலச் சித்திரங்களை நகைச்சுவை ததும்ப வருணிக்கின்றார். அண்மை, சேய்மை என்னும் ஓவிய நெறிகளுக்குக் கட்டுப்படாத உலகம் அது. ஒருவர் ஒரு பெண்ணுக்குத் தேநீர் நீட்டுகின்றார்; இருவருக்கும் இடையே காததூரம் இருப்பது போலத் தோன்றுகின்றது. பசுவும் முயலும் அங்கே ஒரே அளவினவாகக் கிடக்கின்றன.

பின்னர்க் காட்சி தேநீர் மேசைக்கு மாறுகின்றது. எலியாவும் அவர்தம் உறவினள் பிரிட்ஜெட்டும் அண்மையில் வாங்கிய பழைய நீலப் பீங்கான்களில் முதன்முறையாகத் தேநீர் பருகுகின்றனர். இத்தகைய அருமையான பொருள்களை வாங்க இயலும் நிலை தமக்கு வந்துவிட்டதை எண்ணி எலியா மகிழ்கின்றார். பிரிட்ஜெட்டோ, செல்வம் குறைந்திருந்த அந்தப் பழைய நாள்கள் மீண்டும் வாராவா என ஏங்குகின்றாள். நைந்த உடையையே உடுத்திக்கொண்டு, பல நாள் எண்ணி எண்ணி, ஒரு சனிக்கிழமை இரவில் பழைய நாடக நூல் ஒன்றை வாங்கி வீட்டுக்குச் சுமந்து வந்த மகிழ்ச்சியை அவள் நினைவூட்டுகின்றாள். அன்று ஒரு பொருளை வாங்குவது வெற்றியாக இருந்தது. இன்று அது வெறும் வாங்குதலாகிவிட்டது என்பது அவளது குறை. அந்நாளின் இன்பத்துக்குக் காரணம் வறுமையன்று, இளமையே என்று எலியா மறுமொழி கூறுகின்றார். முதுமையில் இளமைக்கு ஈடாக நிற்கவல்லது போதிய பொருள்நிலையே என்பது அவர் கருத்து. இறுதியில் கோப்பையில் உள்ள சித்திரத்தைச் சுட்டிக் காட்டிப் பேச்சை முடிக்கின்றார்.

முதற் பயன்பாட்டின் சிறப்பு

இக்கட்டுரையின் நுட்பம் அதன் நடுவில் அமைந்துள்ளது. பெருமனைகளின் பீங்கான் அறையில் தொடங்கிய பேச்சு, ஒரு சிறிய வீட்டின் தேநீர் மேசையை வந்தடைகின்றது. அறையில் இருந்த பீங்கான் பார்வையாளரை வியக்கச் செய்தது, அவ்வளவே. மேசைக்கு வந்த பீங்கானோ இருவரைப் பேசச் செய்தது. தேநீர் ஊற்றப்பெறாமல் அக்கோப்பைகள் அலமாரியிலேயே இருந்திருப்பின், பிரிட்ஜெட்டின் நெஞ்சம் திறந்திராது. பழைய நடைப்பயணங்களும், நாடகக் கொட்டகையின் மலிவான இருக்கைகளும், ஆண்டிறுதியில் வரவு செலவு பார்த்துக் கலங்கிய இரவுகளும் வெளிப்பட்டிரா. பயன்படுத்திய அந்தப் பொழுதுதான் கட்டுரையையே பிறப்பித்தது எனலாம்.

லாமின் வாழ்க்கையை அறிந்தோர்க்கு இக்காட்சி மேலும் ஆழமாகத் தோன்றும். பிரிட்ஜெட் என்பது அவருடைய தமக்கை மேரியின் புனைபெயர். 1796ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், மனநோயின் வேகத்தில், மேரி தம் தாயைக் கொன்றுவிட்டார். அப்பொழுது லாமுக்கு வயது 21. தமக்கையைக் காக்கும் பொறுப்பை அவர் தம் தோளில் ஏற்றார்; இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை. நோய் மீண்டும் மீண்டும் தலைகாட்டியது. இடையிடையே வாய்த்த அமைதியில் இருவரும் இணைந்து எழுதியதே 1807இல் வெளிவந்த 'ஷேக்ஸ்பியர் கதைகள்'. இத்தகைய இல்லத்தில், ஒரு பிற்பகல், உடன்பிறந்தார் இருவர் எதிரெதிரே அமர்ந்து தேநீர் பருகுவது சிறிய செய்தியன்று. விருந்தினர் எவரும் இல்லை. விழா எதுவும் இல்லை. ஆயினும் மிகச் சிறந்த கோப்பைகள் மேசைக்கு வந்தன. உடன் வாழ்வோரே தலையாய விருந்தினர் என்னும் கருத்து அங்கே சொல்லாமற் சொல்லப்படுகின்றது. கட்டுரையின் முதன்மையான நிறை இதுவேயாகும்.

வாங்குதலும் துய்த்தலும்

இனி, குறைகளை நோக்குவோம். பிரிட்ஜெட்டும் எலியாவும் முரண்பட்டு வாதிடினும், இருவரும் நிற்கும் களம் ஒன்றே. பொருளை அடையும் இன்பத்தைப் பற்றியே இருவரும் பேசுகின்றனர். அரிதின் முயன்று வாங்கினால் இன்பம் மிகும் என்கின்றாள் ஒருத்தி. இளமையில் வாங்கினால் இன்பம் மிகும் என்கின்றார் மற்றவர். அடைந்த பொருளை நாள்தோறும் கையாளுவதால் வளரும் இன்பம் ஒன்று உண்டே, அதனை இருவரும் எடுத்துரைக்கவில்லை. வாங்கும் இன்பம் ஒரு நாளில் முடிவது. துய்க்கும் இன்பம் ஒவ்வொரு நாளும் புதிதாய்த் தொடங்குவது.

இவ்வேறுபாட்டைத் தமிழ்மொழி தன் சொல்லமைப்பிலேயே காட்டுகின்றது. 'துய்த்தல்' என்னும் சொல் உண்ணுதலையும் குறிக்கும். இன்பம் நுகர்தலையும் குறிக்கும். பொருளை உடைமையாக வைத்திருத்தல் துய்த்தல் ஆகாது. திருவள்ளுவர் 'நன்றியில் செல்வம்' என ஓர் அதிகாரமே வகுத்து, தானும் துய்க்காமல் பிறர்க்கும் ஈயாமல் குவித்து வைக்கும் பொருளின் வறுமையை எடுத்துரைத்தார். அவர் கருத்தின்படி நோக்கின், பூட்டிய அலமாரியில் உள்ள பீங்கான் செல்வம் அன்று. செல்வத்தின் தோற்றமே ஆகும்.

கட்டுரையின் முடிவையும் இந்நோக்கில் எடைபோடுதல் வேண்டும். எலியா இறுதியில் சித்திரத்துக்கே திரும்புகின்றார். கண்ணால் தொடங்கிய கட்டுரை கண்ணாலேயே முடிகின்றது. ஆனால் பீங்கான் கண்ணுக்கு மட்டும் உரிய பொருளன்று. வெண்களிமண்ணும் கல்மாவும் கலந்து, ஏறத்தாழ 1300 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்டெடுத்த அப்பொருளுக்கு மென்மையான விளிம்பு உண்டு. அது இதழுக்காக அமைந்தது. வளைவு உண்டு, அது உள்ளங்கைக்காக அமைந்தது. விரலால் சுண்டினால் எழும் ஓசையும், ஒளியில் பிடித்தால் ஊடுருவித் தெரியும் மென்மையும், சூடான பானத்தின் மணத்தைத் தான் உறிஞ்சாது அப்படியே தரும் தூய்மையும் கையில் எடுத்தவர்க்கே விளங்கும். கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் கோப்பை ஐம்புலன்களுள் ஒன்றுக்கு மட்டுமே விருந்தளிக்கின்றது. லாம் அக்கோப்பையில் தேநீர் பருகினார். ஆயினும், பருகிய அனுபவத்தை எழுதாமல் பார்த்த அனுபவத்தையே எழுதினார். திறனாய்வாளர் இதனை ஒரு குறையாகவே கொள்ள இடமுண்டு.

ஜொகூர்க் கடலும் பீங்கானும்

அடுத்த குறை, கோப்பைக்குப் பின்னால் உள்ள கைகளைக் கட்டுரை காணாமை. லாம் 1792 முதல் 1825 வரை இலண்டனில் கிழக்கிந்தியக் கும்பினியின் கணக்கர் அலுவலகத்தில் பணியாற்றியவர். சீன வாணிகத்தில் அக்கும்பினிக்கு இருந்த தனியுரிமையை முடிவுக்குக் கொணர்ந்த சட்டம் 1833இல்தான் நிறைவேறியது. ஆகவே, அவர் பருகிய பச்சைத் தேயிலை எந்த வழியில் வந்தது என்பது அவருக்குத் தெரியாத செய்தியன்று. எனினும், சித்திரத்தில் உள்ள கற்பனைச் சீனத்தை வருணித்தவர், உண்மைக் கடல் வழியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அவ்வழியில் இருந்ததுதான் ஜொகூர். மலாக்கா 1511இல் போர்த்துகீசியரிடம் வீழ்ந்த பின்னர் எழுந்த ஜொகூர் அரசின் தலைநகர்களுள் ஒன்று, ஜொகூர் ஆற்றங்கரையில் அமைந்திருந்த ஜொகூர் லாமா. 1587இல் போர்த்துகீசியர் அதனைத் தாக்கி அழித்தனர். பிற்காலத்தில் அங்கு நிகழ்ந்த அகழாய்வுகளில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. அவை காட்சிக்கு வைத்த பொருள்களின் சிதறல்கள் அல்ல. மக்கள் உண்டும் பருகியும் வாழ்ந்த ஊரின் எச்சங்கள்.

1603ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள், ஜொகூர் ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்த கடலில், ஜொகூர் அரசின் துணையோடு, யாக்கோப் வான் ஹீம்ஸ்கெர்க் என்னும் டச்சுத் தளபதி 'சாந்தா கத்தரீனா' என்ற போர்த்துகீசியப் பெருங்கலத்தைக் கைப்பற்றினார். அதிலிருந்த பட்டும் பீங்கானும் 1604இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலத்தில் விற்கப்பட்டு, 30 இலட்சம் கில்டருக்கும் மேலாகத் தொகை ஈட்டின. ஐரோப்பியச் செல்வர்களிடையே சீனப் பீங்கான் வேட்கை பெருகியதற்கு இந்நிகழ்ச்சியும் ஒரு காரணமாயிற்று. இக்கைப்பற்றல் முறையானதே என நிறுவ முற்பட்ட ஹூகோ குரோசியசு, 1609இல் 'கட்டற்ற கடல்' பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். லாம் பெருமனைகளில் தேடிச் சென்ற பீங்கான் அறைகளின் வரலாற்றில், ஜொகூர்க் கடலுக்கும் இவ்வாறு ஓர் இடம் உண்டு.

இதற்கு எதிர்முகமான சான்றும் ஜொகூரிலேயே உள்ளது. தேசாரு கடற்கரைக்கு அப்பால் மூழ்கிக் கிடந்த சீனக் கலம் ஒன்று 2001இல் கண்டறியப்பட்டது. அது 1830களை ஒட்டிய காலத்தது எனக் கணிக்கப்பட்டுள்ளது. எலியாவின் இறுதிக் கட்டுரைகள் நூல்வடிவம் பெற்றதும் ஏறத்தாழ அக்காலத்தில்தான். அக்கலத்தில் இருந்தவை அரசர்க்குரிய அரும்பொருள்கள் அல்ல. நீலவண்ணக் கிண்ணங்கள், கரண்டிகள், தேநீர்க் கெண்டிகள் முதலான வீட்டுப் பயன்பாட்டுப் பொருள்கள். அடுக்களைக்கென்று புறப்பட்டவை கடலடியில் தங்கிப் பின்னர் அரும்பொருள்கள் ஆயின. இலண்டனில் காட்சிப்பொருள் மேசைக்கு வந்தது. தேசாருவில் மேசைப்பொருள் காட்சிக்குப் போயிற்று. பொருளின் மதிப்பு அதன் பிறப்பில் இல்லை, மக்கள் அதனோடு கொள்ளும் உறவில் உள்ளது என்பதற்கு இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தலே போதும்.

மரத்திற்கு வாய்த்த மங்கு

தமிழருக்கும் பீங்கானுக்கும் உள்ள தொடர்பு புதிதன்று. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1987இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்துள்ளன. 'பீங்கான்' என்னும் சொல் பாரசீகத்தினின்று வந்தது. மலாய்மொழியில் தட்டைக் குறிக்கும் 'பிங்கான்' என்பதும் அதே மூலத்தினின்று பிறந்ததே. ஒரே சொல்லை இரு மொழியினரும் தத்தம் அடுக்களைக்குக் கொண்டு சென்றனர்.

மலேசியத் தமிழரிடையே வழங்கும் மற்றொரு சொல் 'மங்கு'. கிண்ணத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லோடு இது ஒலியாலும் பொருளாலும் நெருங்கியது. தோட்டத்தில் மங்கு என்றால், இரப்பர் மரத்தில் பால் ஏந்தும் கிண்ணம். தொடக்கத்தில் சிரட்டைகள் அப்பணியைச் செய்தன. பின்னர்க் கண்ணாடியாலும், மெருகேற்றிச் சுட்ட மண்ணாலும் ஆகிய மங்குகள் வந்தன. ஜொகூர் மாநிலத்தின் ஆயர் ஈத்தாம், மச்சாப் வட்டாரத்துச் சூளைகள் தொடக்க காலத்தில் செய்த பொருள்களுள் இம்மங்குகளும் அடங்கும். விடியற்காலையில் பால் வெட்டச் சென்றவர்கள் ஒவ்வொரு மரத்தின் முன்னும் நின்று, அம்மங்கை எடுத்துத் துடைத்து வைத்தனர். மரத்திற்குச் சூளையில் சுட்ட, பளபளக்கும் கிண்ணம் இருந்தது. அதனைத் துடைத்தவர் தேநீர் பருகியதோ பெரும்பாலும் தகரக் குவளையில். லாமின் கட்டுரையில் இடம்பெறாத கைகள் இவை. நல்ல பாண்டம் பிறர்க்கே உரியது, தமக்கு உரியது அன்று என்னும் எண்ணம் எவ்வாறு ஒரு மக்களின் உள்ளத்தில் ஊறியது என்பதை அறிய விரும்புவோர், இந்த மங்கிலிருந்து தொடங்கலாம்.

அதனினும் கொடியதொரு வரலாறும் உண்டு. தமிழகத்துச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கெனத் தனிக்குவளை வைத்த இரட்டைக் குவளை முறையே அது. ஒரு குவளை மனிதனை மதிக்கவும் கூடும், இழிவுபடுத்தவும் கூடும் என்பதைத் தமிழர் நூலில் படித்து அறிய வேண்டியதில்லை. அவ்விழிவை இல்லத்துப் பழக்கங்களோடு ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும், யார் எதில் பருகத் தகுதியுடையவர் என்னும் வினா அற்பமானது அன்று என்பதை அது தெளிவாக்குகின்றது.

தோட்ட வாழ்வினின்று உயர்ந்து நகர்ப்புறங்களில் குடியேறிய இல்லங்கள் பலவற்றில், கூடத்துக் கண்ணாடி அலமாரியில் பூவேலைப்பாடு அமைந்த கோப்பைகள் அடுக்கப்பட்டிருக்கக் காணலாம். அவை சேமித்த பணத்தில் வாங்கியவை. பட்ட பாட்டின் சான்றுகள். அவற்றைப் போற்றும் தாயரைக் குறைகூறுதல் நன்றியன்று. ஆனால் அக்கோப்பைகள் தீபாவளிக்கோ, வெளியூர் விருந்தினர்க்கோ மட்டும் வெளிவருகின்றன; வீட்டார் நாள்தோறும் பிளாஸ்டிக் குவளையில் பருகுகின்றனர். வாங்கிய தாய் அக்கோப்பையில் ஒருமுறைகூடப் பருகாமலே மறைந்துவிடுவதும் உண்டு. எந்த மக்களுக்கு நல்ல கிண்ணம் ஒருகாலத்தில் எட்டாப் பொருளாக இருந்ததோ, அம்மக்களே அது கைக்கு எட்டிய பின்னும் வாய்க்கு எட்டாதபடி தம்மைத் தாமே விலக்கிக் கொள்கின்றனர்.

உடையும் என்னும் அச்சம்

நாள்தோறும் எடுத்தால் உடைந்துவிடுமே என்பர். இது புறக்கணிக்கத்தக்க மறுப்பன்று. வரலாற்றுச் சான்றாக நிற்கும் அரும்பொருளை அருங்காட்சியகத்தில் காத்தல் கடமையே. ஜொகூர் லாமாவின் ஓடுகளில் எவரும் உணவு பரிமாற வேண்டியதில்லை. ஆனால், வீட்டுக் கோப்பை வேறு வகையினது. அது பருகுவதற்கென்றே பிறந்தது. அதனைக் காக்கும் வழி பூட்டுவதன்று, பழக்குவதே.

கல்வியாளர் மரியா மாண்டிசோரி இதனை நன்கு உணர்ந்திருந்தார். இளங்குழவியர் பள்ளியில் உடையக்கூடிய உண்மையான பீங்கானையும் கண்ணாடியையும் அவர் பிள்ளைகள் கையில் கொடுத்தார். உடையாத குவளை பிள்ளைக்குக் கவனத்தைக் கற்பிப்பதில்லை. உடையும் குவளையே கையின் அடக்கத்தைக் கற்பிக்கின்றது என்பது அவர்தம் முறையின் அடிப்படை. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து அவர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். பிள்ளையை நம்பிக் கோப்பையைக் கொடுக்கும் வீடு, அப்பிள்ளைக்குப் பொறுப்பையும் தன்மதிப்பையும் ஒருங்கே கொடுக்கின்றது. ஒன்றிரண்டு உடைதல் அக்கல்விக்கு ஆகும் செலவு.

ஏட்டுச்சுவடிகளின் வரலாறும் இதற்குச் சான்று. போற்றிப் பூசித்து, எடுத்துப் படிக்காமல் வைத்த சுவடிகள் பல செல்லுக்கு இரையாயின. உ. வே. சாமிநாதையர் சுவடிகளைத் தேடி எடுத்து, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிப் பலர் கைக்கும் கொண்டுவந்த பின்னரே அக்காப்பியம் மீண்டும் உயிர்பெற்றது. படிக்கப்படாத நூல் எத்தகையதோ, பருகப்படாத கோப்பையும் அத்தகையதே.

முடிவுரை

லாமின் கட்டுரை சிறந்த கட்டுரை. உடன்பிறந்தாளுக்காக ஒரு சாதாரணப் பிற்பகலில் அரிய கோப்பையை எடுத்து வைத்த அன்பு அதனை என்றும் வாழச் செய்யும். அது கைகளைக் காணவில்லை, கடலைக் காணவில்லை, வாங்கும் இன்பத்தைப் பேசித் துய்க்கும் இன்பத்தைப் பேசாது விட்டது. அந்தக் குறைகளை நிரப்பிப் படிக்கும் வாய்ப்பு ஜொகூர் மாணவர்க்கு இயல்பாகவே அமைந்துள்ளது. இக்கட்டுரையை வகுப்பில் நடத்தும் ஆசிரியர், கோப்பையின் படத்தைக் காட்டுவதோடு நில்லாமல், ஒரு பீங்கான் கோப்பையையும் ஒரு பழைய மங்கையும் மாணவர் கையில் கொடுப்பாராக. எது யாருக்காகச் செய்யப்பட்டது, யார் அதில் பருகினர், யார் பருகவில்லை என்ற மூன்று வினாக்களைக் கேட்பாராக. இலக்கியத்தையும் வரலாற்றையும் வாழ்வையும் இணைத்துப் பார்க்கும் திறனாய்வு அவ்வினாக்களில் தொடங்கும்; அலமாரியின் திறவுகோலும் அன்று மாலையே அடுக்களைக்கு வந்து சேரும்.